நேர்முகத் தேர்வுக்குக் காட்மியம் டெல்லூரைடைப் படிப்பது எப்படி?

முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வில் குறைகடத்தி இயற்பியலை விருப்பப் பாடமாகச் சொல்லப் போகிறவர்கள், காட்மியமும் டெல்லூரியமும் சேர்ந்த குறைகடத்தியான காட்மியம் டெல்லூரைடு என்ற ஒரே பொருளை ஆழமாகப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. என் தேர்வில் பெரும்பகுதி நேரம் இதைச் சுற்றியே கேள்விகள் வந்தன. சூரிய மின்கலம், காமா உணர்வி, அகச்சிவப்புச் சாளரம் என்று பயன்களைப் பட்டியலாக ஒப்பித்தால் தேர்வாளர்கள் உடனே "ஏன் இந்தப் பொருள்?" என்றுதான் கேட்பார்கள். ஆகவே சில அடிப்படை எண்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பயனையும் அவற்றிலிருந்து வருவித்துச் சொல்லப் பழக வேண்டும்.

எனக்குக் கைகொடுத்த எண்கள் இவை: அறை வெப்பநிலையில் ஆற்றல் இடைவெளி (பிணைப்பிலுள்ள எலக்ட்ரானைக் கடத்தும் நிலைக்கு உயர்த்தத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) ஏறத்தாழ 1.5 எலக்ட்ரான் வோல்ட், அதுவும் நேரடி இடைவெளி, அதாவது படிக அதிர்வுகளின் துணையின்றி ஒளியை நேராகக் கவரும் வகை. அணு எண்கள் காட்மியத்துக்கு 48, டெல்லூரியத்துக்கு 52. ஓர் எலக்ட்ரான்–துளை இணையை (விடுபட்ட எலக்ட்ரானும், அது விட்டுச் சென்ற, நேர்மின்னூட்டம் போல நகரும் வெற்றிடமும்) உருவாக்கச் சராசரியாக 4.43 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானின் இயக்க எண்ணில் (மின்புலத்தில் எவ்வளவு வேகமாக நகரும் என்ற அளவில்) ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே துளைக்கு.

காமா, எக்ஸ் கதிர் உணர்விகளைப் பற்றிய பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வழக்கமான கேள்வி இப்படித் தொடங்கும்: கதிரியக்கத் தனிமமான அமெரிசியம்-241 உமிழும் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் முழுவதுமாக உட்கவரப்பட்டால் எத்தனை இணைகள் உருவாகும்? வகுத்தால் சுமார் 13,400 வரும். ஜெர்மானியத்தில் ஓர் இணைக்கு 2.96 எலக்ட்ரான் வோல்ட்டே போதும் என்பதால் அங்கே சுமார் 20,000 இணைகள் கிடைக்கும், அருகருகான ஆற்றல்களைப் பிரித்தறியும் பகுதிறனும் மேம்படும். அப்படியிருக்க ஜெர்மானியத்தை ஏன் விட்டுவிட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஜெர்மானியத்தின் இடைவெளி ஏறத்தாழ 0.67 எலக்ட்ரான் வோல்ட்தான் என்பதால், வெப்பத்தால் எழும் கசிவு மின்னோட்டத்தை அடக்கத் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். காட்மியம் டெல்லூரைடு அறை வெப்பநிலையிலேயே இயங்கும். சிலிக்கானும் அறை வெப்பநிலையில் இயங்குமே என்று மடக்கினால் அணு எண்ணுக்குத் திரும்புங்கள். ஒளிமின் உட்கவர்தல் அணு எண்ணின் நான்கு முதல் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், அணு எண் 14 கொண்ட சிலிக்கானை விட ஓர் அணுவுக்கு நூறு மடங்குக்கும் மேலாக இதன் கவரும் திறன் இருக்கும்.

இத்தோடு நிறுத்தாமல், நிறமாலைக் கோடு ஏன் தாழ் ஆற்றல் பக்கம் வால் விட்டு நீள்கிறது என்பதையும் வரைந்து விளக்கப் பழகுங்கள். துளைகள் மெதுவாக நகர்ந்து வழியிலேயே சிக்கிக்கொள்வதால், மின்முனையிலிருந்து எவ்வளவு ஆழத்தில் ஃபோட்டான் கவரப்பட்டது என்பதைப் பொறுத்துத் உணர்வி தரும் மின்துடிப்பின் உயரம் மாறுகிறது. நேர்மின்முனையைச் சிறு சிறு படப்புள்ளிகளாகப் பிரித்தால் குறிகை பெரும்பாலும் எலக்ட்ரான்களால் மட்டுமே அமைந்து இந்தச் சிக்கல் தணியும். ஏறத்தாழ 10 சதவீதம் துத்தநாகம் கலப்பது எதற்காக என்ற கேள்வியும் இங்கேதான் வரும். அது இடைவெளியைச் சற்று விரிவாக்கி, மின்தடை எண்ணை உயர்த்திக் கசிவைக் குறைக்கிறது. நம் நாட்டு எடுத்துக்காட்டு சொன்னால் தேர்வாளர்கள் ஆர்வமாகிறார்கள் என்பது என் கணிப்பு: 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இந்திய விண்வெளி ஆய்வுக்கூடமான ஆஸ்ட்ரோசாட்டின் காட்மியம் துத்தநாக டெல்லூரைடுப் படமியில் 16,384 படப்புள்ளிகள் உள்ளன, 2023இல் ஏவப்பட்ட சூரிய ஆய்வுக்கலமான ஆதித்யா-எல்1இன் ஹீலியாஸ் என்ற எக்ஸ் கதிர்க் கருவியில் காட்மியம் டெல்லூரைடு, காட்மியம் துத்தநாக டெல்லூரைடு ஆகிய இரண்டும் பயன்படுகின்றன.

அகச்சிவப்புப் பகுதியில் தேர்வாளர்கள் பாதரசம் கலந்த கலவையையே எதிர்பார்க்கிறார்கள். பாதரச டெல்லூரைடு ஓர் அரை உலோகம், அதாவது அதில் ஆற்றல் இடைவெளியே இல்லை. அதனுடன் காட்மியத்தின் பங்கைக் கூட்டக் கூட்ட இடைவெளி சுழியிலிருந்து 1.5 எலக்ட்ரான் வோல்ட் வரை விரிகிறது. காட்மியத்தின் பங்கு 0.2 அளவில் இருந்தால், 77 கெல்வினில் இடைவெளி சுமார் 0.1 எலக்ட்ரான் வோல்ட்டாகும். 1240ஐ எலக்ட்ரான் வோல்ட்டால் வகுத்தால் நானோமீட்டர் கிடைக்கும் என்ற சூத்திரப்படி வெட்டு அலைநீளம் (பொருள் கவரக்கூடிய மிக நீண்ட அலைநீளம்) ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர். அதாவது காற்று அகச்சிவப்பைத் தடுக்காமல் விடும், வளிமண்டலத்தின் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் சாளரத்துக்குள் விழுகிறது. கலவை இவ்வளவு மாறியும் படிகம் கெடாததற்குக் காரணம், இரு சேர்மங்களின் அணிக்கோவை மாறிலிகளும், அதாவது படிகத்தில் மீண்டும் மீண்டும் வரும் அலகின் நீளங்களும் (6.48, 6.46 ஆங்ஸ்ட்ராம்) ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே. கலக்காத காட்மியம் டெல்லூரைடு, 10.6 மைக்ரோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு ஒளி ஊடுருவும் பொருளாகவும் மின்ஒளியியல் பண்பேற்றியாகவும் (மின்னழுத்தத்தால் ஒளியை மாற்றியமைக்கும் கருவியாகவும்) உதவுகிறது என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

சூரிய மின்கலத்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். நேரடி இடைவெளி என்பதால் ஓரிரு மைக்ரோமீட்டர் படலமே ஒளியைக் கவர்ந்துவிடும் என்பதையும், படலத்தின் படிகத் தரத்தை மேம்படுத்தும் காட்மியம் குளோரைடு பதப்படுத்தலின் பங்கையும் தெரிந்துகொண்டால் போதுமானது. நானோமீட்டர் அளவுத் துகள்களான குவாண்டம் புள்ளிகளில், துகளின் அளவு சுருங்கச் சுருங்க ஒளிர்தல் நீலம் நோக்கி நகர்வதும், பாதரச, செம்பு அயனிகள் அந்த ஒளிர்தலைத் தணிப்பதால் அவற்றை நீரில் கண்டறிய முடிவதும் முக்கியம்.

கடைசியில் நச்சுத்தன்மை பற்றி நிச்சயம் கேட்பார்கள். காட்மியம் நச்சுடையது என்பதை மறுக்காமல், இந்தச் சேர்மம் நீரில் மிக அரிதாகவே கரையும், உருகுநிலை 1,092 டிகிரி செல்சியஸ், மின்தகட்டில் கண்ணாடிகளுக்கிடையே அடைபட்டிருக்கும் என்று விளக்கி, அபாயம் முக்கியமாக உற்பத்தியின்போதும் பழைய தகடுகளைக் கழிக்கும்போதும்தான் என்று பிரித்துச் சொல்லுங்கள். குவாண்டம் புள்ளிகளை உயிருள்ள செல்களில் செலுத்துவது பற்றித் தொடர்ந்து கேட்டால், அங்கே இந்தச் சமாதானம் பொருந்தாது என்பதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.