கருவி காட்டும் எண்ணும் நீரில் கரைந்த ஈயமும்

தரம்பார்த்தலில் (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து அளவறியும் முறையில்) பழகிய மாணவர்கள் கருவிமுறைப் பகுப்பாய்வுக்குள் நுழையும்போது, கரைசலை உள்ளே செலுத்தினால் செறிவு திரையில் வந்துவிடும் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. உண்மையில் கருவி அளப்பது ஒளியை, மின்னோட்டத்தை அல்லது மின்னழுத்தத்தை மட்டுமே. அதைச் செறிவாக மாற்றும் பொறுப்பு ஆய்வாளருடையது.

இதை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது அணு உட்கவர் நிறமாலைமானி; கரைசலைச் சுடரில் தெளித்து, அதில் உருவாகும் அணுக்கள் உறிஞ்சும் ஒளியை அளக்கும் கருவி அது. ஜெர்மன் அறிவியலாளர்களான பன்சனும் கிர்க்காஃபும் சுடரில் அணுக்கள் உமிழும் ஒளியைக் கொண்டே 1860இல் சீசியத்தையும் 1861இல் ருபீடியத்தையும் கண்டறிந்தனர். ஆனால் காற்று-அசிட்டிலீன் சுடரின் ஏறத்தாழ 2300 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் பெரும்பாலான அணுக்கள் கிளர்வுறாமல், அதாவது ஒளி உமிழத் தேவையான கூடுதல் ஆற்றலைப் பெறாமல், தாழ்நிலையிலேயே இருக்கின்றன. ஒளிரும் சிறுபான்மையை விட்டுவிட்டு, ஒளியை உறிஞ்சக் காத்திருக்கும் பெரும்பான்மையை அளக்கும் வழியை, ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த ஆலன் வால்ஷ் 1955இல் வெளியிட்டார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அணு உறிஞ்சும் நிறமாலைக் கோட்டின் அகலம் நானோமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அவ்வளவு குறுகிய பட்டையைச் சாதாரண ஒற்றைநிறமாக்கியால் (ஒளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தைப் பிரிக்கும் பகுதியால்) பிரித்தெடுக்க இயலாது. ஆகவே ஈயத்தை அளக்க ஈயத்தாலேயே எதிர்மின்வாய் அமைந்த விளக்கு பயன்படுகிறது; அது உமிழும், அதே அளவு குறுகிய 283.3 நானோமீட்டர் ஒளியைச் சுடரிலுள்ள ஈய அணுக்கள் உறிஞ்சுகின்றன. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான்.

இனி எண்ணுக்கு வருவோம். செறிவு தெரிந்த திட்டக் கரைசல்களையும் ஈயமற்ற வெற்றுக் கரைசலையும் அளந்து, செறிவுக்கும் உட்கவர்திறனுக்கும் (ஒளி எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதன் அளவு) இடையே அளவுத்திருத்தக் கோடு வரைந்த பிறகே மாதிரியின் அளவீடு பொருள் பெறும். உட்கவர்திறன் 2 என்றால் வெறும் 1 சதவீத ஒளியே ஊடுருவுகிறது. அந்த உயரத்தில் அளவுத்திருத்தக் கோடு வளையத் தொடங்கிவிடுவதால், மாதிரியை நீர்த்துப் போகச் செய்து மீண்டும் அளப்பதே முறை. மாதிரியில் உடனிருக்கும் பொருள்களும் குழப்பும்: பாஸ்பேட் இருந்தால் கால்சியத்தின் அளவு குறைவாகத் தெரியும், அதைத் தடுக்க லாந்தனம் சேர்ப்பார்கள்.

குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சுடர்முறை ஈயத்தைக் கண்டறியும் எல்லையும் ஏறக்குறைய அங்கேயே நிற்பதால், இதற்குச் சுடருக்குப் பதிலாக மின்சாரத்தால் சூடாகும் கிராஃபைட் குழாயில் மாதிரியை அணுக்களாக்கும் கிராஃபைட் உலையே ஏற்றது. ஆய்வறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த முறையில், எந்த எல்லை வரை தேடினார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.