நெறி

பினாங்கில் அறுவை அரங்கு மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, பல வருடம் நின்றாயிற்று. ஆரம்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் என்றால் வயிற்றை நீளமாகத் திறப்பார்கள். டாக்டர் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். இப்போது நான்கைந்து துளைகள்தான். கரியமில வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைத்துவிட்டு எல்லோரும் திரையைப் பார்த்து நிற்கிறோம். 1991இல் ஜப்பானில் கிட்டானோ என்ற மருத்துவர் தொடங்கி வைத்த முறை.

இரைப்பையை வெட்டி இணைப்பதுதான் பெரிய வேலை என்று வெளியே நினைப்பார்கள். நேரத்தைத் தின்பது, புற்று பரவக்கூடிய நிணநீர் முடிச்சுகளை எடுப்பதுதான். கணையத்தின் மேல் விளிம்பில், தமனிகளைச் சுற்றிய கொழுப்புக்குள், அரிசியும் பயறும் போல ஒளிந்திருக்கும். அல்ட்ராசோனிக் கத்தி அதிர்ந்துகொண்டே ரத்தத்தை அடைத்து வெட்டும். ஆனால் வெட்டி முடித்த பிறகும் அதன் நுனியில் சூடு இருக்கும். கணையத்தில் பட்டால் கணைய நீர் கசியலாம். அந்த இடம் வந்ததும் அரங்கில் பேச்சு நின்றுவிடும். கேமரா பிடிக்கும் இளம் டாக்டரின் கை நடுங்கினால் திரையே நடுங்கும். லென்ஸில் ஆவி படிந்தால் வெந்நீரில் முக்கித் துடைத்துக் கொடுப்பது எங்கள் பாடு.

முடிச்சுகளுக்கு ஜப்பானியர்கள் வீட்டு எண் மாதிரி எண் போட்டிருக்கிறார்கள். இடது இரைப்பைத் தமனியோரம் 7, பொதுக் கல்லீரல் தமனியோரம் 8, சீலியாக் தமனியைச் சுற்றி 9. எடுத்த திசுவை வெளியே கொண்டுவந்த பிறகு டாக்டர் பிரித்துக் கொடுப்பார்; நாங்கள் எண் எழுதிய போத்தலில் போட வேண்டும். ஒருநாள் அவசரத்தில் மூன்றையும் ஒரே கிண்ணத்தில் வாங்கிவிட்டேன். எனக்கு வியர்த்துவிட்டது.

டாக்டர் திட்டவில்லை. “எண்ணிக்கை போகல, முகவரிதான் போச்சு,” என்றார். மூன்று எண்களையும் ஒரே போத்தலில் எழுதி அனுப்பினோம். நோயின் நிலையைக் கணிக்க, குறைந்தது 16 முடிச்சுகளையாவது பார்க்கச் சொல்கிறார்கள். எத்தனையில் புற்று என்பதுதான் அங்கே கணக்கு. அதனால் தப்பித்தேன். அன்றிலிருந்து கத்தி வைக்கும் முன்பே போத்தல்களில் எழுதி வரிசையாக அடுக்கிவிடுகிறேன்.

அந்த நோயாளிக்கு 31 முடிச்சுகள் கிடைத்தன, இரண்டில் புற்று. அவர் மனைவி நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கியவர். நிணநீர் முடிச்சு என்று டாக்டர் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. “கால்ல புண் வந்தா தொடையிடுக்குல நெறி கட்டுமே, அதேதாம்மா. வயித்துக்குள்ளேயும் இருக்கு,” என்றேன். தலையாட்டினார். கீமோ எப்போது, கஞ்சி எப்போது என்றெல்லாம் கேட்டார். சரி, புரிந்துவிட்டது என்று எழுந்தேன்.

“மிஸ்ஸி, 31 நெறியை எடுத்திட்டீங்களே. இனிமே அவருக்குக் கால்ல செம்பனை முள்ளு குத்தினா நெறி எங்கே கட்டும்?”

“தொடையில உள்ளதைத் தொடவே இல்லம்மா.”

அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.