மரபணுத் திருத்த சிகிச்சை: என் உடம்பில் நடந்தவை

சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து ரத்தக் குழாய்களை அடைத்து வலி கொடுக்கும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய்க்கு 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த கேஸ்கெவி சிகிச்சையை எடுத்துக்கொண்டேன். எல்லோரும் அதில் மரபணுவை வெட்டித் திருத்தும் கருவியான கிரிஸ்பரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் என் செல்களுக்கு நடந்தது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதில் இறங்குகிறவர்களுக்கு அதுதான் உதவும்.

முதல் இரண்டு மாதம் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு பிளெரிக்ஸாஃபோர் ஊசி. எலும்பு மஜ்ஜையில் தங்கி ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை அது ரத்தத்துக்குக் கிளப்பிவிடும். கழுத்தில் பொருத்திய குழாய் வழியே ரத்தம் இயந்திரத்துக்குப் போய், அந்தச் செல்களை அங்கே விட்டுவிட்டுத் திரும்பும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடு மரத்தது, விரல் நுனியெல்லாம் ஊசி குத்துவதுபோல் இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். தவறு. நர்ஸிடம் உடனே சொல்லுங்கள், கால்சியம் கொடுத்தால் அடங்கிவிடும்.

மூன்று நாள் எடுத்தும் செல்கள் போதவில்லை. இப்படி நடப்பது சகஜம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அன்றிரவு அவ்வளவு உடைந்திருக்க மாட்டேன். இரண்டாம் சுற்றில்தான் எண்ணிக்கை தேறியது.

திருத்திய செல்கள் வந்து சேர ஆறு மாதம் வரை ஆகலாம். கருவில் இருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் கருக்கால ஹீமோகுளோபினை, பிறந்த பிறகு அடக்கி வைப்பது பிசிஎல்11ஏ என்ற மரபணு. சிவப்பணுக்கள் உருவாகும்போது அதைத் தூண்டிவிடும் சிறு பகுதியைத்தான் கிரிஸ்பர் வெட்டுகிறது. அடங்கிக் கிடந்த ஹீமோகுளோபின் மறுபடி உருவாகி, சிவப்பணுக்கள் அரிவாளாக வளைவதைத் தடுக்கிறது. இந்த இடைவெளிக்குள் கருவளச் சேமிப்பை முடித்துவிட்டேன். அடுத்து, மஜ்ஜையிலுள்ள பழைய செல்களை அழித்துப் புதியவற்றுக்கு இடம் ஒதுக்க வரும் கீமோ மருந்தான புசல்ஃபான் குழந்தை பெறும் திறனைப் பறித்துவிடக்கூடும். இதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள், டாக்டர் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

நான்கு நாள் புசல்ஃபான். பிறகு, இத்தனை மாதம் காத்திருந்த செல்கள் சில நிமிடங்களில் ஏறிவிட்டன. உறைநிலையில் காக்கச் சேர்த்த ரசாயனத்தின் பூண்டு வாடை தொண்டையில் ஏறி, மறுநாள் வரை அறையை விட்டுப் போகவில்லை.

கடினமான நாட்கள் அதற்குப் பிறகுதான். வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்கவே தைரியம் வேண்டியிருந்தது. தலைமுடி கொத்துக்கொத்தாகத் தலையணையில் கிடந்தது. தினமும் காலையில் வெள்ளையணு எண்ணிக்கையைப் பலகையில் எழுதுவார்கள்: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நான்காம் வாரம், புதிய செல்கள் வேலையைத் தொடங்கி அந்த எண் மாறியபோது நர்ஸ் அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

ஓராண்டாகிறது. வலி வந்து ஒருமுறைகூட மருத்துவமனைக்கு ஓடவில்லை. 15 ஆண்டு கண்காணிப்புக்குக் கையெழுத்திட்டிருக்கிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் மாதம்.