வாயுவின் அடர்த்தி: விடைத்தாளில் மதிப்பெண் போகும் இடங்கள்

"வாயுக்களின் அடர்த்தி ஏன் குறைவு?" என்று கேட்டால், "வாயுத் துகள்கள் எடை குறைந்தவை" என்று எழுதுபவர்கள் பலர். அது தவறு. 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீரிலும் அதிலிருந்து எழும் நீராவியிலும் இருப்பது ஒரே மூலக்கூறுதான். ஆனால் நீரின் அடர்த்தி லிட்டருக்கு 958 கிராம்; நீராவிக்கு வெறும் 0.6 கிராம். ஏறத்தாழ 1,600 மடங்கு வித்தியாசம். துகளின் நிறை மாறவில்லை, இடைவெளிதான் கூடியிருக்கிறது.

அதற்காக மூலக்கூறுகள் 1,600 மடங்கு விலகிவிட்டதாக எழுதிவிடாதீர்கள். பருமன் மூன்று திசைகளிலும் பெருகுகிறது. 1,600இன் கனமூலம் சுமார் 12. சராசரி இடைத்தூரம் 12 மடங்கானாலே அடர்த்தி இவ்வளவு சரிந்துவிடும். இந்த ஒரு வரியை எழுதினால், பாடம் புரிந்து எழுதிய விடை என்பது தெரிந்துவிடும்.

"நீராவியில் துகள்கள் வேகமாக ஓடுவதால்" என்பதும் இங்கே பொருந்தாது. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருப்பதால் சராசரி இயக்க ஆற்றல் சமம். நீர் ஆவியாகும்போது ஏற்கும் உள்ளுறை வெப்பம் முக்கியமாக ஈர்ப்பை மீறி மூலக்கூறுகளைப் பிரிக்கவே செலவாகிறது. ஆக, இரண்டு மதிப்பெண் விடைக்கு: இடைவெளி மிக அதிகம், ஈர்ப்புவிசை மிகக் குறைவு, எனவே குறிப்பிட்ட பருமனில் அடங்கும் நிறை குறைவு.

துகளின் எடையைப் பேச வேண்டிய கேள்வி வேறு: ஒரு வாயுவை இன்னொரு வாயுவோடு ஒப்பிடும்போது. 0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜன் லிட்டருக்கு 0.09 கிராம், கார்பன் டை ஆக்சைடு 1.96 கிராம்.

கணக்கில் அடர்த்தி = அழுத்தம் × மோலார் நிறை (ஒரு மோலின் நிறை) ÷ (வாயு மாறிலி × கெல்வினில் வெப்பநிலை). 27 டிகிரியில், 1 வளிமண்டல அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடுக்கு 44 ÷ (0.0821 × 300) = 1.79 கிராம்/லிட்டர். கெல்வினுக்கு மாற்றாமல் 27ஐ அப்படியே போட்டால் 19.9 வரும், 11 மடங்கு பிழை. சாதாரண அழுத்தத்தில் விடை 10ஐத் தாண்டினால் முதலில் வெப்பநிலையைத்தான் சரிபார்க்க வேண்டும்.

கிராம்/லிட்டரும் கிலோகிராம்/கனமீட்டரும் ஒரே எண்தான். கிராம்/கனசென்டிமீட்டர் கேட்டால் மட்டும் 1,000ஆல் வகுக்க வேண்டும். ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர் என்பதை எல்லாக் கணக்கிலும் போடக் கூடாது. அது 0 டிகிரிக்கும் 1 வளிமண்டல அழுத்தத்துக்கும் உரியது. அழுத்தம் 1 பார் என்றிருந்தால் 22.7.