பி0135-உம் ஒரு வீண் சென்சாரும்

மழை விட்டு ஒரு வாரம் இருக்கும். பையனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி எப்போதும்போலத்தான் ஓடியது. 2015இல் வாங்கிய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், திருச்சியில் எங்கள் தெருப் புங்கை மரத்தடியில்தான் நிற்கும். மைலேஜ் மட்டும் சில நாளாக இறங்கியிருந்தது. லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்தது 14தான் கொடுத்தது. அதுவும் ஊருக்குள் ஓட்டினால்தான். சென்னை போய்வந்தபோது பழைய கணக்கே வந்தது. இது ஒரு துப்பு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆன்லைனில் 700 ரூபாய்க்கு வாங்கிய ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வீட்டில் கிடந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறுகளைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் அதைச் செருகி, போனில் பார்த்தால் பி0135 என்று ஒரு கோளாறுக் குறியீடு. முதல் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். முதல் சென்சார் என்பது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று அதுதான் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்குச் சொல்லும். அதை வைத்துத்தான் இசியூ பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஆனால் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் சென்சார் வாயைத் திறக்கும். சீக்கிரம் சூடேற்றத்தான் அதற்குள்ளேயே ஒரு ஹீட்டர்.

லைவ் டேட்டாவையும் பார்த்தேன். ஸ்டார்ட் செய்ததும் சென்சார் அளவு அசையாமல் நின்றது. ஐந்தாறு நிமிடம் கழித்து 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே மேலும் கீழும் ஓட ஆரம்பித்தது. ஆரோக்கியமான சென்சார் அப்படித்தான் ஆடும். அதைக் கண்ணால் பார்த்த பிறகும், "சென்சார் போச்சு" என்று முடிவு கட்டி 3,400 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். என்னைத் தவிர யாரையும் குறை சொல்ல முடியாது.

கழற்றியது தனிக்கதை. பத்து வருடச் சூட்டில் மரை கடித்துக்கொண்டிருந்தது. துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் இன்ஜினை லேசாகச் சூடாக்கி, 22 எம்எம் ஸ்பேனரைப் போட்டு மிதித்த பிறகுதான் அசைந்தது. புதியதை மாட்டி, அந்தக் கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்தேன். இரண்டு நாள் விளக்கு வரவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் மறுபடி மஞ்சள். இந்த மாதிரிக் கோளாறை அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்திலும் பார்த்தால்தான் பெரும்பாலான வண்டிகள் விளக்கைப் போடும் என்பதை அப்புறம்தான் படித்தேன்.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தேன். சென்சாரில் நாலு வயர். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வெள்ளை வயரும் ஹீட்டருக்கு. பழைய சென்சாரில் அந்த இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன்: 6 ஓம். புதியதிலும் அதே 6 ஓம். பழையது செத்திருந்தால் மீட்டர் அளவே காட்டியிருக்காது.

சரி, ஃபியூஸாக இருக்குமோ? என் வண்டியில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சென்சார்; இரண்டின் ஹீட்டருக்கும் ஒரே ஃபியூஸ். அது போயிருந்தால் பின் சென்சாருக்கான பி0141-உம் சேர்ந்து வந்திருக்க வேண்டும், வரவில்லை. சென்சாரின் வயர்கள் செருகும் கப்ளரில், வண்டிப் பக்கத்தில், இக்னிஷன் ஆன் செய்து பார்த்தேன். 12.3 வோல்ட். ஹீட்டர் நன்றாக இருக்கிறது, கரண்டும் வருகிறது, பிறகு மிச்சம் இசியூதானே? அதன் விலையை விசாரித்துவிட்டு அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீட்டர்ல பன்னெண்டு காட்டுது, சரி. பல்பு போட்டுப் பாத்தீங்களா தம்பி?" என்றார். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து வைத்திருந்தார். ஒரு முனையைக் கப்ளரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார். பல்பின் இழை அணையப்போகும் ஊதுபத்தி மாதிரி சிவந்ததோடு சரி. பல்பு இருக்கும்போதே மீட்டரை வைத்தால், 12.3 காட்டிய அதே இடம் 4 வோல்ட்டுக்குக் கீழே விழுந்துவிட்டது.

மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. அதனால் அரித்துப்போன வயரும் அதனிடம் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். 21 வாட் பல்பு இரண்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். சென்சார் ஹீட்டர் இழுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பாரம் ஏற்றினால்தானே பாலத்தின் லட்சணம் தெரியும்.

கப்ளரிலிருந்து வயரைத் தடவிக்கொண்டே போனோம். பேட்டரி தட்டுக்குப் பின்னால், கறுப்பு டேப் சுற்றிய கட்டுக்குள் ஒரு வயரின் தோல் விரல்கடை நீளத்துக்கு இல்லை. ஓரமெல்லாம் பல் தடம், பக்கத்தில் எலிப் புழுக்கை. மழைத்தண்ணீர் இறங்கி, செம்பு பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. இரண்டு பக்கமும் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது வயர் இணைத்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டினார். 300 ரூபாய் வாங்கினார். முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழையில் திரும்ப வருவீர்கள் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருந்தபோது ஸ்டார்ட் செய்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்துக்குள் சென்சார் ஆட ஆரம்பித்துவிட்டது. ஊருக்குள்ளும் லிட்டருக்கு 16 திரும்பிவிட்டது. ஊருக்குள் சின்னச் சின்ன ஓட்டத்தில் சென்சார் சூடேறவே நேரமாகியிருக்கிறது; அதனால்தான் மைலேஜ் அங்கே மட்டும் இறங்கியிருந்தது.

மாட்டிய பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. பழைய சென்சார் செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் கிடக்கிறது. பானெட்டுக்குள் புகையிலை கட்டினால் எலி வராது என்கிறார்கள், கட்டியிருக்கிறேன். ஏசி போட்டால் லேசாக வாடை வருகிறது. பையன்தான் மூக்கைப் பிடித்துக்கொள்கிறான்.