மருமகளின் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம்

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் எங்கள் துறையில் எல்லோரும் ஒரு வேலையைத் தவறாமல் செய்வோம். உடன் இருப்பவரை அழைத்து, "கையை இப்படித் தாங்கிப் பிடியுங்கள், காலை இப்படி மடக்கி நீட்டுங்கள், காலையும் மாலையும் அரை மணி நேரம் செய்யுங்கள்" என்று காட்டிக்கொடுப்போம். படம் போட்ட தாள் ஒன்றும் தருவோம். வேலூர் மாவட்டத்தில் காட்பாடி, அணைக்கட்டு, கணியம்பாடிப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகச் சென்று பிசியோதெரபி செய்கிறவள் நான். அந்தத் தாள் பிறகு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். மாத்திரை அட்டைகளுக்கு அடியில் மடிந்து கிடக்கும். வீட்டாருக்கு அக்கறை இல்லாததால் அப்படி ஆவதில்லை. அந்த வீட்டில் ஒரு நாளைக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை.

இந்த 'வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தல்' உண்மையில் எவ்வளவு பலன் தருகிறது என்பதை நம் நாட்டிலேயே பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 'அட்டெண்ட்' என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில், பக்கவாதம் வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 1,250 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிப் பேருக்கு அதோடு, குடும்பத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் உதவியைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 சதவீதம். வாழ்க்கைத்தரம், பராமரிப்பவர் சுமை போன்ற மற்ற அளவைகளிலும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்னச் செய்தி இல்லை. பிசியோதெரபிஸ்ட் எண்ணிக்கை போதாத நாட்டில் குடும்பத்தைத் தயார்செய்வதுதான் வழி என்று பலரும் மேடை மேடையாகச் சொல்லி வந்த காலம் அது. அந்த ஆய்வை நடத்தியவர்கள் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள்: வேறு சான்று கிடைக்கும்வரை, மறுவாழ்வு சிகிச்சையைக் குடும்பத்தின் கையில் மாற்றிக்கொடுக்கும் புதிய திட்டங்களில் முதலீடு செய்வதற்குத் தங்கள் முடிவுகள் ஆதரவாக இல்லை என்று. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை இவ்வளவு நேராகச் சொன்னதற்காகவே அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் 'குடும்பம்' என்று அந்தக் கட்டுரையில் வரும் சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதை இங்கே வந்து பார்க்க வேண்டும்.

குடியாத்தம் பக்கம் ஒரு வீடு. மாமியாருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. மருமகள் தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இப்போது போவதில்லை. நான் போனபோது மாமியாரைக் கட்டிலிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தார். செயலிழந்த கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இந்தப் பக்கம் பத்து வீட்டில் எட்டு வீட்டில் இப்படித்தான் எழுப்புகிறார்கள். தசை தாங்காத தோள்மூட்டு இப்படி இழுக்க இழுக்க இறங்கிவிடும். பிறகு ராத்திரியெல்லாம் வலி. தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் கை கொடுத்து, மாமியாரின் முழங்காலைத் தன் முழங்காலால் அணைத்து, முன்னால் சாய்த்து எழுப்புவது எப்படி என்று காட்டினேன். மருமகள் உடனே பிடித்துக்கொண்டார், கெட்டிக்காரப் பெண். அடுத்து, மாமியாரின் கையில் இருந்த ரப்பர் பந்தை வாங்கி வைத்தேன். யாரோ சொல்லியிருக்கிறார்கள், பந்தை அமுக்கினால் விரல் வேலை செய்யும் என்று. ஏற்கெனவே உள்நோக்கி இறுகிக்கொண்டிருக்கும் விரல்களுக்கு அமுக்கும் பயிற்சி தேவை இல்லை. விரிக்கும் பயிற்சிதான் வேண்டும்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டார்: "எல்லாம் செய்கிறேன் மேடம். அத்தைக்கு இதைச் செய்தால் சமையல் நேரம் தவறுகிறது, பிள்ளைகளை அனுப்பும் நேரம் தவறுகிறது. நீங்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது வர முடியுமா?"

அட்டெண்ட் ஆய்வின் முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறார். கற்றுக்கொள்ளும் திறமை அவரிடம் இருந்தது. நேரம் இல்லை, மாற்றுக்கு ஆள் இல்லை, நிற்கிற கூலிக்கு ஈடு இல்லை. பயிற்சியால் இவற்றில் எதையும் உண்டாக்க முடியாது.

அளவுகோலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கவாத ஆய்வுகளில் 0 முதல் 6 வரை மதிப்பெண் போடும் 'ராங்கின்' அளவு பரவலாகப் பயன்படுகிறது. 0 என்றால் குறையே இல்லை. 6 என்றால் மரணம். 5 என்றால் படுத்த படுக்கை. 3 என்றால் தானாக நடப்பார், சில வேலைகளுக்கு மட்டும் துணை வேண்டும். அட்டெண்ட் ஆய்வில் 3 முதல் 6 வரை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத்தான் முதன்மை முடிவைக் கணக்கிட்டார்கள். படுக்கையில் கிடந்தவர் எழுந்து சுவரைப் பிடிக்காமல் கொல்லைப்புறம்வரை நடந்து போய்வந்தால், அந்த வீட்டில் அது பெரிய விடுதலை. கணக்கில் அவர் இன்னமும் 'சார்ந்திருப்பவர்'. இதனால் ஆய்வு தவறு என்று நான் சொல்லவில்லை. மற்ற அளவைகளும் அதே திசையைத்தான் காட்டின. ஆனால் ஒரு பெண் இன்னொருவர் துணையில்லாமல் கழிப்பறைக்குப் போவதை முதன்மை அளவாக வைக்கும் ஆய்வு நம் ஊரில் வர வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

வீடுகளில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது வேறு. "இதற்கு ஊசி ஏதாவது வந்திருக்கிறதா?" "சென்னையில் மெஷின் வந்திருக்கிறதாமே?" சில வீடுகளில் நான் போவதற்கு முன்பே புறா இரத்தம் தடவி முடித்திருப்பார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. குடும்பத்தில் சம்பாதிக்கும் கை விழுந்துவிட்டால் யாராக இருந்தாலும் எதையும் முயன்று பார்ப்பார்கள். ஆனாலும் தெரிந்ததைச் சொல்லிவிடுவேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸிட்டின் மாத்திரை கை கால் மீள உதவும் என்று ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. பிறகு பிரிட்டனில் 3,127 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில் செயல்திறன் கூடவில்லை. எலும்பு முறிவுகள்தான் கூடின. அதே ஆண்டு 770 பேரை வைத்து நடந்த மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வில், கைக்கான ரோபோ பயிற்சி, வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்பாட்டைக் கூட்டவில்லை. 'எவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது' என்ற எண்ணத்துக்கும் அடி விழுந்திருக்கிறது. 2015-இல் வந்த 'ஏவெர்ட்' ஆய்வில், 5 நாடுகளில் 2,104 பேரில், முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிக அளவில் பயிற்சி தந்தவர்களில் மூன்று மாதம் கழித்து நன்றாக இருந்தவர்கள் 46 சதவீதம்; வழக்கமான முறையில் 50 சதவீதம். அதே ஆய்வின் தரவுகளை மேலும் அலசியபோது, தொடக்கத்தில் கொஞ்ச கொஞ்ச நேரமாக, அடிக்கடி எழுப்புவதே மேல் என்று தெரிந்தது. சேர்ந்த அன்றே "எப்போது நடக்க வைப்பீர்கள்?" என்று கேட்கிற மகன்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

நம்பிக்கை தருவதும் இருக்கிறது. 2021-இல் 108 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்றில், மார்பில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, கழுத்து வழியே போகும் வேகஸ் நரம்பைத் தூண்டிக்கொண்டே கைப்பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் 47 சதவீதம்; தூண்டல் இல்லாதவர்களில் 24 சதவீதம். அதிலும் கருவி தனியாக எதையும் செய்துவிடவில்லை. மணிக்கணக்கான பயிற்சியோடு சேர்ந்துதான் வேலை செய்தது. ஐஐடி மெட்ராஸும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' என்ற சிறிய கருவி எனக்கு இதைவிட நெருக்கமாகப் படுகிறது. ஒரே மோட்டாரில் கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி மணிக்கட்டு, முன்கை, விரல்கள் என்று பயிற்சி தரலாம். மேசைமேல் வைத்துக்கொள்ளும் அளவுதான். பிரிட்டனில் ரோபோ ஜெயிக்கவில்லையே என்று இதை ஒதுக்க மாட்டேன். அங்கே வழக்கமான சிகிச்சை என்பது ஓரளவு உண்டு. இங்கே பல வீடுகளில் ஒப்பிடுவதற்கு ஒன்றுமே இல்லை.

மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி என்றதும் பேரணாம்பட்டு பக்கத்து அம்மா ஒருவர் நினைவுக்கு வருகிறார். சிறு வயதிலிருந்தே பீடி சுற்றியவர். வலது கை பாதி மீண்டிருந்தது. விரல்கள் விரியும், ஆனால் சிறிய பொருளைப் பிடிக்க நடுங்கும். நான் கொண்டுபோன மரக்கட்டைகளையும் கிளிப்புகளையும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் எடுத்து வைத்தார். பிறகு, "முறத்தை எடுத்து வாம்மா" என்று மகளிடம் சொன்னார். முறம் மடிக்கு வந்தது. ஈரத்துணியில் சுற்றிய இலை, கத்தரி, நூல். வெட்டுவதை மகள் செய்தார். தூளை வைத்துச் சுருட்டும்போது அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதுவரை எந்தப் பயிற்சியிலும் காட்டாத ஒரு நகர்வைக் காட்டின. முனை மடங்கவில்லை, நூல் நழுவியது. திரும்பச் செய்தார். திரும்பத் திரும்பச் செய்தார். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அமெரிக்காவில் பக்கவாத சிகிச்சை அமர்வுகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் 2009-இல் எழுதினார்கள்: ஓர் அமர்வில் கைக்குக் கிடைத்த செயல்சார்ந்த பயிற்சி சராசரியாக 32 தடவை. விலங்குகளில் மூளையை மாற்றிக்காட்டிய சோதனைகளில் அது நூற்றுக்கணக்கில். இந்த அம்மாவின் தொழிலில் கூலியே ஆயிரம் பீடிக்குத்தான் கணக்கு. எண்ணிக்கை மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. அதே ஆய்வாளர்கள் 2016-இல், பக்கவாதம் வந்து ஆறு மாதமாவது கடந்த 85 பேருக்கு 3,200 முதல் 9,600 தடவைவரை வெவ்வேறு அளவில் பயிற்சி தந்து பார்த்தபோது, எண்ணிக்கை கூடக் கூடப் பலன் கூடவில்லை. அந்த அம்மாவின் கை ஏன் முறத்தின்மேல் மட்டும் அப்படி இயங்கியது என்பதற்கு என்னிடம் உள்ள பதில், அது அவர் கை அறிந்த வேலை, அதில் அவருக்குக் கூலியும் கௌரவமும் இருந்தன என்பதுதான். புகையிலைத் தூளை மூச்சில் இழுக்கும் தொழில். புகையிலை பக்கவாதத்துக்கே ஒரு காரணம். அந்தத் தொழிலுக்கு அவர் திரும்ப வேண்டும் என்று நான் விரும்பவில்லை. பிறகு அதே மடி, அதே முறம், ஆனால் பூ கட்டுவதற்கு மாற்றினோம். நூல் சுற்றுகிற விரல்கள் நூல் சுற்றின.

தொழில், வீடு, உடல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் இந்த வழக்கம் வேலூருக்குப் புதிதில்லை. 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சிஎம்சியில் அத்துறையைக் கட்டியெழுப்பினார். பாகாயத்தில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தவர்களும் பைக் விபத்தில் முதுகு முறிந்தவர்களும் அங்கே சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டரைத் தாமே போட்டுக்கொள்ளவும், படுக்கைப்புண் வராமல் உடலைத் தூக்கி இறக்கவும், சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறவும் கற்றுக்கொள்கிறார்கள். அப்படிக் கற்றுவந்தவரின் வீட்டுக்குப் போனால் எனக்கு வேலை பாதிதான். அது வாரக்கணக்கில், தேர்ந்த கைகளுக்கு நடுவில் நடந்த பயிற்சி. வாசலில் வைத்துத் தாள் கொடுக்கும் பயிற்சியோடு அதை ஒன்றாகச் சேர்த்துப் பேசக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வண்டியில் வீட்டுக்கே வருகிறார். தமிழ்நாடு எடுத்த நல்ல அடிகளில் ஒன்று என்று மனதாரச் சொல்வேன். ஆனால் மலையடிவார ஊர்களும் சேர்ந்த ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்றால் ஒரு வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை வர முடியும்? இடைவெளியை யார் நிரப்புவது என்ற கேள்வி வரும்போது மறுபடியும் 'குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுங்கள்' என்கிறார்கள். 1,250 பேரிடம் சோதித்துப் பலன் காணாத ஒன்றை ஆள் பற்றாக்குறைக்கு மருந்தாக இனியும் எழுதித் தருவது சரியில்லை. குடும்பத்துக்குக் கற்றுக்கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. தோளை இழுக்காமல் எழுப்பத் தெரிந்தாலே ஒருவர் வலியில்லாமல் தூங்குவார். அதைச் சிகிச்சையாளருக்குப் பதிலாக வைக்காதீர்கள் என்கிறேன்.

வட்டாரத்துக்கு ஒருவர் என்பதை மூவராக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது, அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சை படித்தவராக இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த ஆய்வு எங்கள் பகுதியில் நடந்தால், படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்பேன்: இந்த நோயால் வீட்டில் யார் வேலைக்குப் போவதை நிறுத்தினார்கள், மாதம் எவ்வளவு கூலி நின்றது. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண் அந்த வரியை உடனே நிரப்பித் தருவார்.