அம்மாவும் அந்தக் குரலும்

அல்சூரில் இருக்கும் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்து மாதம் ஒன்றாகிறது. படிவத்தில் அடுக்கியிருந்த ஆபத்துகளைக் கேட்டு முதலில் வேண்டாம் என்றவர், "முக்கால்வாசிப் பேருக்கு மேல நல்லாத் தெரியுதும்மா" என்று நர்ஸ் சொன்னதும் கையெழுத்துப் போட்டார். 1982இல் உளவியலாளர் ட்வெர்ஸ்கியும் சில மருத்துவர்களும் நடத்திய ஆய்வு நினைவுக்கு வந்தது. நுரையீரல் புற்றுநோய் அறுவையில் '100 பேரில் 90 பேர் பிழைப்பார்கள்' என்றால் பலர் தேர்ந்தெடுத்தார்கள். '10 பேர் இறப்பார்கள்' என்றபோது அந்த எண்ணிக்கை குறைந்தது. டாக்டர்களும் விதிவிலக்கில்லை!

அப்புறம் தினமும் ஒரு பதிவுக் குரல் வந்தது: "சொட்டு மருந்து போட்டிருந்தால் 1ஐ அழுத்தவும்." அம்மா, "போட்டாச்சு கண்ணு, நீ சாப்பிட்டியா?" என்று விசாரித்துவிட்டு எதையும் அழுத்தாமல் வைத்துவிடுவார். மருந்து போடாதவர் என்று கணக்கெழுதி எனக்கு எச்சரிக்கை மெசேஜ் வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

"அந்தப் பொண்ணு கேக்கும்போது பொய் சொல்ல முடியுமா? அதுக்கு முன்னாடியே போட்டுடுவேன்."

இப்போது மருந்து முடிந்துவிட்டது, அழைப்பும் நின்றுவிட்டது. நேற்று என்னிடம் கேட்கிறார்: "அதுக்கு உடம்பு சரியில்லையோ?"